ஷாம்பு எது, கண்டிஷனர் எது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் வழக்கமாக வாங்கும் ஷாம்புவும் கண்டிஷனரும் சமீபத்தில் புதுத் தோற்றத்துக்கு மாறிவிட்டன. இரண்டும் ஒரே உயரம், ஒரே வெளிர் நிறம், ஒரே மாதிரி மூடி. பிராண்டின் பெயர் அறையின் மறுமூலையிலிருந்தே தெரிகிறது. எது ஷாம்பு, எது கண்டிஷனர் என்பது மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் என்னால் அதைப் படிக்க முடியாது. குளிக்கும்போது யார் கண்ணாடி போட்டுக்கொள்வார்கள்? கடைசியில் ஷாம்பு பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன். “பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, இதெல்லாம் ஒரு குறையா?” என்கிறாள் மகள். விளம்பரத்துக்கு இவ்வளவு செலவழிப்பவர்களுக்கு இது தெரியாதா? பிராண்டிங் என்பதே வெறும் மேல்பூச்சுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

குறைதான். அதுவும் 1991-லேயே ஒரு நிறுவனம் தீர்த்துவைத்த குறை. ஜப்பானின் காவோ நிறுவனம் அந்த ஆண்டு தன் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் விரலுக்குத் தட்டுப்படும்படி சின்னச் சின்ன வரிமேடுகளை வைத்தது. ஷாம்புவுக்குப் பின் போடும் திரவத்தின் பாட்டிலில் அவை கிடையாது. தடவிப் பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை என்று பார்வையற்றவர்கள் சொன்னதிலிருந்து தொடங்கிய வேலை அது. ஆனால் தலை நிறைய நுரையோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு பாட்டிலைத் துழாவுகிற எல்லோருக்குமே அது பயன்பட்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. அந்தக் குறியைத் தங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று வைத்துக்கொள்ளாமல், போட்டி நிறுவனங்களும் பயன்படுத்தும்படி விட்டுவிட்டார்கள். தாராள மனசு என்பதைவிட, இதைச் சரியான கணக்கு என்றே சொல்வேன். ஒருவர் ஷாம்புவில் மேடு வைக்க, இன்னொருவர் கண்டிஷனரில் வைத்தால், குறியே இல்லாமல் இருப்பதைவிட மோசமாகிவிடும். பிராண்டை மாற்றும்போதெல்லாம் விரல் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியிருக்கும். எல்லோரும் ஒரே குறியை வைத்தால்தான் அது குறி. பின்னாளில் அமெரிக்காவில் ஹெர்பல் எசென்சஸ் பாட்டில்களில் ஷாம்புவுக்குக் கோடுகள், கண்டிஷனருக்குப் புள்ளிகள் என்று தொட்டு அறியும்படி வைத்தார்கள்.

சரி, உங்கள் கம்பெனிக்கு இது தெரியாதா என்று கேட்கிறீர்கள். பாட்டிலுக்கு எங்கே ஒப்புதல் கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வெளிச்சமுள்ள அறை, பெரிய மேஜை, அதன் மேல் ஈரமே படாத இரண்டு பாட்டில்கள். பக்கத்தில் போட்டியாளர்களின் பாட்டில்கள். பார்ப்பவர்கள் எல்லோரும் கண்ணாடி போட்டிருப்பார்கள், அவர்களுக்கு எது ஷாம்பு என்பதும் முன்பே தெரியும். அங்கே இரண்டும் ஒரே மாதிரி இருப்பது ஒரு குணம். ஒன்றை எடுப்பவர் ஜோடியாக மற்றதையும் எடுப்பார் என்பதுதான் கணக்கு. அந்த மேஜையில் யாரும் பாட்டிலை நனைத்துப் பார்ப்பதில்லை. கடையில் அது உங்கள் கண்ணில் படுவது சில நொடிகள், குளியலறையில் உங்களோடு இருப்பது பல வாரங்கள். வடிவமைப்பில் பெரும் பங்கு அந்தச் சில நொடிகளுக்கே போய்விடுகிறது.

ஆனால் பிராண்டிங் வெறும் மேல்பூச்சு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2009-இல் டிராபிகானா தன் ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியை அமெரிக்காவில் மாற்றியது. ஸ்ட்ரா செருகிய ஆரஞ்சுப் பழம் போய், ஒரு கண்ணாடித் தம்ளர் நிறையச் சாறு வந்தது. பெயர் செங்குத்தாகத் திரும்பியது. உள்ளே இருந்தது அதே சாறு. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறக்குறைய 20 சதவீதம் சரிந்ததாகச் செய்திகள் வந்தன. பழைய பெட்டியையே திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சாதாரண மலிவு பிராண்ட் மாதிரி இருக்கிறது, அடையாளமே தெரியவில்லை என்பதுதான் மக்கள் சொன்ன குறை. உங்கள் புகாரும் அதேதான், இடம்தான் வேறு. அவர்களுக்குக் கடை அலமாரியில் வந்த சிக்கல் உங்களுக்குக் குளியலறையில் வருகிறது. தேடுகிற பொருளைச் சட்டென்று கைக்குக் கொடுப்பது பிராண்டின் வேலைகளில் ஒன்று. அந்த வேலை கடை வாசலோடு நின்றுவிடுவதில்தான் எனக்குச் சண்டை.

(எதற்கு மாற்றினார்கள் என்று கேட்டால், என் சந்தேகம் இது: தன் பெட்டியைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு அது சலித்துப்போகிறது. நமக்கு அப்போதுதான் மனசில் பதிய ஆரம்பித்திருக்கும்.)

இனி உங்கள் ரப்பர் பேண்ட். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான். அந்தக் கம்பெனி உங்களிடம் “எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?” என்று கேட்டால் நீங்கள் நான்கு கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஷாம்பு நல்ல ஷாம்புதானே. நட்சத்திரத்தில் ரப்பர் பேண்ட் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்கள் மேல் ஒட்டிய டேப், ஒரே மாதிரி சார்ஜர்களில் மார்க்கரால் எழுதிய பெயர், அலுவலகக் கதவில் “இழுக்கவும்” என்று ஒட்டிய காகிதம், எல்லாம் இந்த ஜாதிதான். தள்ளுவதா இழுப்பதா என்று குழப்புகிற கதவுக்கு, அதைப் பற்றி எழுதிய டான் நார்மனின் பெயரால் ‘நார்மன் கதவு’ என்றே பெயர் வந்துவிட்டது.

இந்தக் கைவைத்தியத்தைக் கவனித்தால் நல்ல பொருள் பிறக்கும். கெட்சப் கடைசிவரை இறங்க வேண்டும் என்பதற்காக ஆட்கள் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்திவைத்துக்கொண்டிருந்தார்கள். 2002-இல் ஹைன்ஸ் பாட்டிலையே தலைகீழாக்கி, மூடி அடியில் வரும்படி விற்க ஆரம்பித்தது.

அதனால் கம்பெனிக்கு எழுதுங்கள். “வடிவமைப்பு சரியில்லை” என்று எழுதினால், அழகு பற்றிய ரசனை பேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு பாட்டில்களையும் ரப்பர் பேண்டோடு ஒரு போட்டோ எடுங்கள். கண்டிஷனரை ஷாம்பு என்று நினைத்துத் தலையில் கொட்டிக்கொண்டதுண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். புகார்ப் படிவத்தில் பொருள் சேதம், அளவு குறைவு, ஒவ்வாமை என்று வரிசையாக இருக்கும், உங்கள் விஷயம் எதிலும் சேராது. ‘மற்றவை’யில் போட்டால் மாதாந்திர அறிக்கையில் ஒரு எண்ணாகப் போய்விடும். ‘ஒவ்வாமை’யைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு, பேக்கேஜிங் பிரிவின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு வாங்கி, போட்டோவை நேராக அங்கே அனுப்புங்கள்.