நாயனக்காரருக்குக் காது மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது, பணத்துக்கு என்ன வழி

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு நாகஸ்வரக் கலைஞர் எழுதியிருக்கிறார். வயது 68. ஐம்பது வருடமாகக் கோயில், கல்யாணம், தேர் என்று வாசித்து வருகிறார். இப்போது மாலை வேளைகளில் நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார். பேரக்குழந்தை பேசுவது புரியவில்லை, மாணவன் வாசிப்பதில் பிருகா என்னும் வேகமான சுரக்கோவை சரியாக விழுகிறதா என்றும் தெரியவில்லை என்று பரிசோதனைக்குப் போயிருக்கிறார். கேட்கும் திறனில் இழப்பு வலது காதில் சராசரி 45 டெசிபல், இடதில் 50. 4000 ஹெர்ட்ஸ் என்ற மேல் ஒலியில் இரண்டு காதிலும் இழப்பு 65க்குப் போயிருக்கிறது. ஒரு கடையில் ஜோடி 2,40,000 ரூபாய் சொல்லி, மூன்று நாள் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்களாம். "பேச்சு நன்றாகக் கேட்டது. ஆனால் சுருதிப்பெட்டி நடுங்குகிறது. பையன் கார்வை பிடித்தால் இரண்டு நாயனம் வாசிப்பதுபோல் இருக்கிறது. நானே வாசித்தால் தகரத்தைத் தட்டினாற்போல் கேட்கிறது. இதற்கா இவ்வளவு பணம்? வேறு வழி உண்டா, அரசாங்கத்தில் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்கிறார்.

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட கோளாறு மூன்றும் உண்மையானவை. "வயதாகிவிட்டது, பழகப் பழகச் சரியாகும்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த மெஷின் பேச்சுக்காகச் செய்தது. அதைச் சங்கீதத்துக்கு யாரும் திருப்பிவைக்கவில்லை. விலை கூடினால் இது தானாகச் சரியாகாது. மெஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்து உங்கள் காதுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கும் ஆடியாலஜிஸ்ட்டின் கையில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது.

சுருதிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். காதுக்குள் போகும் ஒலி வெளியே கசிந்து மைக்குக்குள் திரும்பினால் மெஷின் விசில் அடிக்கும். அதைத் தடுக்க உள்ளேயே ஒரு காவல் உண்டு. ஒரே சுரத்தில் அசையாமல் நிற்கும் ஒலி எது வந்தாலும் அது விசில்தான் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். பேச்சில் அப்படி நிற்கும் ஒலி கிடையாது. நம் சங்கீதத்துக்கோ அதுதான் அஸ்திவாரம். சுருதியின் சட்ஜமம், மாணவன் தம் பிடித்து நிறுத்தும் கார்வை, எல்லாவற்றோடும் அந்தக் காவல் மல்லுக்கட்டுகிறது. நடுக்கமும் இரட்டைக் குரலும் வருவது அங்கிருந்துதான். சங்கீதத்துக்கென்று தனி புரோக்ராம் போடச் சொல்லி, அதில் இந்தக் காவலை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிகக் குறைந்த நிலையில் வைக்க வேண்டும். கூடவே இரைச்சல் குறைப்பையும் எதிரில் இருப்பவரை மட்டும் கேட்கும் மைக் அமைப்பையும் அந்தப் புரோக்ராமில் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மேல் ஒலிகள் நன்றாகப் பழுதான காதுகளுக்காக, மேலே உள்ள ஒலியைக் கீழே இறக்கித் தரும் ஒரு வசதி சில மெஷின்களில் உண்டு. பேச்சில் 'ஸ', 'ஷ' கேட்க அது உதவும். வாத்தியத்திலோ ஒரு சுரத்தின் மேல் நாதங்களை இடம் மாற்றி வைத்துவிடும். அப்புறம் பையன் சுத்தமாக வாசித்தாலும் உங்கள் காதில் அபசுரமாகத்தான் விழும். சங்கீதப் புரோக்ராமில் இது இருக்கவே கூடாது. "இது ஆனில் இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேறு. மனிதர் பேசுவது 60, 65 டெசிபல். கத்தினாலும் 85 அல்லது 90தான். பல மெஷின்களின் வாசல் அதற்குச் சற்று மேலே, 95 வாக்கில் முடிந்துவிடுகிறது. ஒரு சின்ன அறையில் நாயனமும் தவிலும் சேர்ந்தால் 100ஐத் தாண்டுவதை என் மீட்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நெல் அளக்கும்போது படியின் மேலே குவிந்ததைத் தலைதட்டி விடுவோமே, அதுபோல ஒலியின் உச்சியெல்லாம் வாசலிலேயே வெட்டப்படுகிறது. தட்டிவிட்ட நெல் பத்தாயத்துக்குள் போகாது. அதேபோல் இங்கே வால்யூமைக் குறைத்தாலும் வெட்டுப்பட்டது திரும்பி வராது. அதனால் வாங்கும்போது, "இந்த மாடல் எத்தனை டெசிபல் வரை உடையாமல் உள்ளே வாங்கும்?" என்று கேளுங்கள். 105க்கு மேல் என்றால் நல்லது. ஏற்கெனவே வாசல் தாழ்ந்த மெஷின் வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கனடாவில் இசைக்கலைஞர்களின் காதுகளைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் மார்ஷல் சேசின் பரப்பிய வழி இது. மைக் துவாரத்தின் மேல் செல்லோ டேப்பை ஒட்டினால் உள்ளே போகும் ஒலி பத்து டெசிபல் அளவுக்குத் தணியும், உடைவதும் குறையும். சாதகம் முடிந்ததும் உரித்துவிடலாம்.

சன்னமான ஒலியைத் தூக்கிப் பெரிய ஒலியை அமுக்குவது எல்லா மெஷினுக்கும் வேலை. பேச்சுப் புரோக்ராமில் இது மிக வேகமாக நடக்கும். அதனால் வாசிப்பில் வல்லினமும் மெல்லினமும் ஒரே மட்டத்தில் கேட்கும், குழைவு போய்விடும். சங்கீதப் புரோக்ராமில் இதை மெதுவாகவும் லேசாகவும் வைக்கச் சொல்ல வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கலாம். நீங்கள் வாசிக்கும்போது மெஷினைக் கழற்றிவிடுங்கள். நாயனத்தின் ஒலியைக் கேட்க உங்களுக்கு மெஷின் வேண்டாம். அந்த ஒலிதான் இத்தனை வருடத்தில் உங்கள் 4000 ஹெர்ட்ஸைத் தின்றிருக்கிறது. அந்த இடத்தில் விழும் பள்ளம் சத்தத்தின் கைரேகை மாதிரி, வயது அதை இன்னும் ஆழமாக்கும். அமெரிக்கத் தொழில்நலக் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மொத்தம் பதினைந்தே நிமிடம்! ஒரு முகூர்த்தம் எவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாசிக்கையில் இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் போடுங்கள். சாதாரண பஞ்சு அடைப்பான் மேல் ஒலிகளை அதிகமாக விழுங்கி நாதத்தை மந்தமாக்கும். இது எல்லா ஒலியையும் ஒரே அளவில் தணிக்கும், அதனால் சுருதி கெடாது. உங்கள் நான்கு மாணவர்களுக்கும் இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகளின் காது இன்னும் முழுசாக இருக்கிறது.

ஆக, மெஷின் வேண்டியது பேச்சுக்கும் மாணவன் வாசிப்பதைக் கேட்பதற்கும் மற்றவர் கச்சேரியில் உட்காருவதற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் 2,40,000 தேவையில்லை என்று தெரியும். விலை கூடக்கூட ஏறுவது பெரும்பாலும் கூட்டத்து இரைச்சலில் பேச்சைப் பிரித்தெடுக்கும் திறனும் போன் இணைப்பும்தான். சங்கீதத்துக்கு அவற்றை அணைக்கத்தான் போகிறோம். இன்றைய சந்தையில் ஒரு காதுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரையுள்ள நடுத்தர மெஷின் உங்கள் ஆடியோகிராமுக்கு (காது பரிசோதனை வரைபடத்துக்கு) போதும் என்பது என் கணிப்பு. ஒரே காதுக்கு உயர்ந்த ரகம் வாங்குவதைவிட இரண்டு காதுக்கும் நடுத்தரம் வாங்குவது மேல். தவில் எந்தப் பக்கம், ஜால்ரா எந்தப் பக்கம் என்று தெரிய இரண்டு காதும் வேண்டும். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு வருவதை மட்டும் தொடாதீர்கள். அது வெறுமனே ஒலியைப் பெருக்கும் கருவி, உங்கள் காதுக்காக அமைக்க வழியில்லை. நாயனம் ஊதும் வீட்டில் அது ஆபத்து.

கோயம்புத்தூரில் விலை குறைவு என்று நம் பக்கத்தில் எல்லோரும் எல்லை தாண்டிப் போகிறார்கள். போகலாம், ஆனால் முதல் மூன்று மாதத்தில் ஐந்தாறு தடவையாவது திரும்பிப் போக வேண்டிவரும். பஸ் ஏறச் சலிப்பில்லாத தூரத்தில் வாங்குங்கள். அமைத்துத் தருபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்டா என்று பாருங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, மெஷின் தரும் ஒலியை அளந்து பார்க்கும் வசதி அங்கே இருக்கிறதா என்றும் கேளுங்கள். நான் எதை மறந்தாலும் அதை மறப்பதில்லை. அளக்காமல் அமைப்பது குருட்டாம்போக்கு.

போகும்போது நாயனத்தையும் சுருதிப்பெட்டியையும் மாணவனையும் கூட்டிக்கொண்டே போங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை என் மேஜைமேல் சுருதிப்பெட்டியை வைத்து ஒரு கட்டையில் ஓடவிட்டார். நான் ஒவ்வொரு அமைப்பாக மாற்ற மாற்ற, கண்ணை மூடிக்கொண்டு, "இப்போது பஞ்சமம் ஒதுங்குது... இப்போது சேருது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. எந்தக் கம்ப்யூட்டர் திரையும் எனக்கு அவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை.

அந்தப் பெட்டியை வைத்து வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மெஷின் இல்லாமல், ஒரு காதை அடைத்துக்கொண்டு மற்றதில் சட்ஜமத்தைக் கேளுங்கள். அப்புறம் காதை மாற்றுங்கள். இரண்டிலும் சுருதி ஒன்றாகவே கேட்கிறதா? உள்காது பழுதானவர்களுக்குச் சிலசமயம் ஒரு காதில் சுரம் சற்றே ஏறியோ இறங்கியோ கேட்கும். அதை எந்த மெஷினும் திருத்தாது. அப்படி இருந்தால் ஆடியாலஜிஸ்ட்டிடம் சொல்லுங்கள். எந்தக் காதை நம்பிப் பாடம் நடத்துவது என்று முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் வரும் காற்று பைக்கில் போகும்போது மைக்கில் மோதி உறுமும். அதற்குப் பேச்சுப் புரோக்ராமில் காற்றுத் தடுப்பு இருக்கட்டும். சித்திரை வெயிலில் வியர்வை மெஷினைக் கெடுக்கும். இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவில் வையுங்கள். திருவிழா இரவுகளில் சார்ஜ் தீர்ந்தால் கஷ்டம். சார்ஜ் வகையைவிட, ஆரஞ்சு நிற ஒட்டுள்ள 13ஆம் எண் பட்டன் பேட்டரி உங்களுக்குத் தோது. விரலுக்கும் பிடிபடும்.

சரி, பணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைந்தால்தான் 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்கிறது. உங்கள் சராசரி 45, 50. எனவே 40 சதவீத ஊனச் சான்றிதழ் கேட்கும் மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் உங்களுக்கு இப்போது பொருந்தாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது 60 தாண்டியிருந்தால், அக்ஷயா என்னும் கேரள அரசு இ-சேவை மையத்தில் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் பெற்றவர்களில் பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவும் உண்டு.

உங்களுக்குப் பொருந்தக்கூடியது 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா. வயது 60 தாண்டியிருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது மாத வருமானம் 15,000க்கு மிகாமல் இருக்க வேண்டும். முகாமில் பரிசோதித்து, மெஷினை இலவசமாகவே தருகிறார்கள். உங்கள் கோயில் சம்பளத்தையும் கல்யாணப் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஆடியோகிராம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பாலக்காடு மாவட்டச் சமூக நீதி அலுவலகத்தில் அடுத்த முகாம் எப்போது என்று கேளுங்கள். அங்கே கிடைப்பது எளிய மெஷின். பேச்சுக்கு உதவும், சங்கீதத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். பேரக்குழந்தையின் பேச்சுக்கு அதுவே போதும் என்றால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கேரளத்தின் கலாசாரச் செயல்பாட்டாளர் க்ஷேமநிதியில் நீங்கள் உறுப்பினராக இருந்தால் மருத்துவ உதவி பற்றி அங்கும் கேட்டுப் பாருங்கள்.

கைக்காசில் வாங்குவதானால் மெஷின் விலை, அமைக்கும் கட்டணம், பின்னால் வரும் சரிபார்ப்பு எல்லாவற்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் மெஷின் மேல் அது ஏறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீரியல் நம்பர், வாரண்டி ஆண்டு இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். பார்த்த மூன்று நாள் போதாது. பதினைந்து நாள் தரச் சொல்லி, சங்கீதப் புரோக்ராமையும் போட்டுத்தரச் சொல்லுங்கள். தராவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்த பிறகு ஆடியோகிராமே மாறலாம். என்றைக்காவது ஒரு காது திடீரென்று அடைத்துப்போனால் மெஷின் கடைக்கு ஓடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அதற்கு மருந்து நன்றாக வேலை செய்வது சீக்கிரம் தொடங்கினால்தான்.