கால் செயலிழந்தவர்களை நடக்கவைக்கும் மோட்டார் சட்டகமான எக்ஸோஸ்கெலிட்டன் அணிந்து நடக்கும்போது, நாமே நடப்பது போன்ற உணர்வு வருமா?

எனக்கு வரவில்லை. விபத்தில் தண்டுவடம் டி-10 மட்டத்தில் (மார்புப் பகுதியின் பத்தாவது தண்டுவடப் பிரிவில்) முழுமையாகப் பாதிக்கப்பட்டு, தொப்புளுக்குக் கீழே உணர்வற்றுப்போன நான், ஒரு மறுவாழ்வு மையத்தில் இரண்டு மாதங்கள் இப்பயிற்சியைப் பெற்றேன்.

இடுப்பிலும் முழங்காலிலும் உள்ள மோட்டார்கள் காலைத் தூக்கி வைக்கும். விழாமல் நிற்பது நம் பொறுப்பு. எடையை ஒரு காலுக்கு மாற்றி உடலை முன்னே சாய்த்தால், உணரி அதை அறிந்து மறு காலை நகர்த்தும். பாதம் தரையைத் தொட்டதா என்பதே தெரியாத எனக்கு, எடை எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னவை ஊன்றுகோலைப் பிடித்திருந்த உள்ளங்கைகள்தாம். "கீழே பார்க்காதீங்க சார், எதிர்ச் சுவரைப் பாருங்க" என்று தெரபிஸ்ட் எத்தனை முறை சொன்னாலும் கண் பாதத்துக்கே போகும். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும். மறுநாள் வலிப்பது தோள்பட்டை.

'ரீவாக்' என்ற எக்ஸோஸ்கெலிட்டன் கருவியை உருவாக்கிய இஸ்ரேலியப் பொறியாளர் அமித் கோஃபர், 1997இல் நேர்ந்த விபத்தில் கைகளின் வலுவையும் இழந்தவர் என்பதால், அவராலேயே அதை அணிந்து நடக்க முடியவில்லை. அக்கருவியுடன் 2012 லண்டன் மாரத்தானை நடந்து முடித்த, மார்புக்குக் கீழே செயலிழந்த பிரிட்டிஷ் பெண் கிளேர் லோமாஸுக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று. வேகம் அவ்வளவுதான்.

செய்திப் படங்களில் காட்டாத பகுதி ஒன்று உண்டு. பட்டைகளைக் கட்டுவதற்கு முன் கால்சட்டையின் ஒவ்வொரு மடிப்பையும் நீவிவிடுவார்கள். கழற்றியதும் கணுக்காலையும் முன்காலையும் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். ஒருநாள் இடது முன்காலில் நாணய அளவு சிவப்பு, அரை மணி நேரமாகியும் மறையவில்லை. வலி தெரியாத இடத்தில் அது புண்ணாக மாற அதிக நேரம் தேவையில்லை என்பதால், அந்த வாரப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான்.

பயன் இருந்ததா என்றால், இருந்தது. பயிற்சி நாட்களில் இரவில் கால் வெட்டியிழுப்பது குறைந்தது, மலச்சிக்கலும் தணிந்தது. எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுந்து நின்ற முதல் நாளில், உயரமானவர் என்று நான் நினைத்திருந்த தெரபிஸ்ட் என் தோளுக்குத்தான் இருந்தார்! ஆனால் சட்டைப்பையில் கைபேசி ஒலித்தபோது எடுக்க முடியவில்லை, இரண்டு கைகளும் ஊன்றுகோலில். பயிற்சி முடிந்து என் சக்கர நாற்காலிக்கு மாறிய பிறகே திருப்பி அழைத்தேன்.

நீங்கள் போவதானால், முதலில் எலும்பு அடர்த்திச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் எடை தாங்காத கால் எலும்பு முறிந்தாலும் நமக்குத் தெரியாது. தடித்த தையலோ பின்பையோ இல்லாத பருத்திக் கால்சட்டை இரண்டு எடுத்துச் செல்லுங்கள்.