நிறுவனங்களில் உள் தணிக்கை நிஜமாகவே பலன் தர என்ன வேண்டும்?

சிங்கப்பூரில் 16 வருடமாக உள் தணிக்கைதான் என் வேலை: நிறுவனத்தின் பணமும் நடைமுறைகளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று அந்த நிறுவனத்துக்காகவே சரிபார்ப்பது. ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்ததும் நான் விசாரிப்பது இரண்டு: தணிக்கை அறிக்கை யார் கைக்குப் போகிறது? போன வருடம் சொன்ன குறையைச் சரிசெய்தார்களா? தணிக்கையாளர் கெட்டிக்காரரா என்பதெல்லாம் அப்புறம்.

பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி கதை எங்கள் தொழிலில் அரைத்த மாவு. ஆனாலும் இந்த ஊரில் நடந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வர்த்தகமும் செய்தார், அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்கு முடிக்கும் பிரிவும் அவர் கையில்தான் இருந்தது. நஷ்டத்தை 88888 என்ற கணக்கில் ஒளித்துவைத்தார். 1995 பிப்ரவரியில் சுமார் 827 மில்லியன் பவுண்டு நஷ்டத்தோடு 233 வருட வங்கி சாய்ந்தது. நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்று 1994லேயே அவர்களுடைய உள் தணிக்கை எழுதிக் கொடுத்திருந்தது. யாரும் பிரிக்கவில்லை.

நான் பார்த்தது சின்ன அளவு. துவாஸில் ஒரு மொத்த வியாபார நிறுவனம். வங்கியில் பணம் அனுப்ப ஒருவர் பதிய வேண்டும், முதலாளி ஒப்புதல் தர வேண்டும். காகிதத்தில் எல்லாம் பக்கா. கணக்குப் பார்க்கும் அக்காவிடம், "நேத்து அனுப்பின மாதிரியே ஒண்ணு செஞ்சு காட்டுங்கக்கா" என்றேன். இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இரண்டு டோக்கன், அதாவது பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி ஆளுக்கு ஒன்றாகத் தரும் சின்னக் கருவி. முதலாளியுடையதில் மஞ்சள் காகிதம் ஒட்டி, ரகசிய எண்.

"பாஸ் பாதி நாள் இந்தோனேசியாவுல, பாத்தாம் தீவுல இருப்பாரு தம்பி. சப்ளையருக்குப் பணம் நிக்கக் கூடாதுல்ல?"

அவர் ஒரு காசு எடுத்ததில்லை. ஆனால் நாளைக்கு ஏதாவது குறைந்தால் முதல் சந்தேகம் அவர் மேல்தானே?

எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் போனால் அதே இழுப்பறை, மஞ்சள் காகிதத்தை மட்டும் காணோம். எண் அக்காவுக்கு மனப்பாடம்! என் அறிக்கை போனது முதலாளிக்கே. அவருடைய குறையை அவரிடமே சொல்லி என்ன ஆகப்போகிறது?

சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால், தான் தணிக்கை செய்யும் வேலையிலிருந்து விலகி நிற்கும் உள் தணிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. அறிக்கையும் இயக்குநர்களின் தணிக்கைக் குழுவுக்குப் போகும். அங்கேயும் ஒவ்வொரு குறைக்கும் ஒருவர் பெயரும் ஒரு தேதியும் போடாவிட்டால் ஆறப்போட்டுவிடுவார்கள். "நிதிப் பிரிவு கவனிக்கும்" என்று எழுதினால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

மூன்று பேர் வேலை செய்யும் கடையில் பொறுப்பைப் பிரிக்க ஆள் ஏது என்பார்கள். நியாயம்தான். அப்போது வங்கிக் கணக்கறிக்கை நேராக முதலாளிக்கு வரட்டும். புதிதாகச் சேர்ந்த சப்ளையர், மாறிய வங்கிக் கணக்கு எண், இந்த இரண்டை மட்டும் மாதம் ஒருமுறை அவரே பார்க்கட்டும். அரை மணி நேரம் போதும்.

துவாஸ் நிறுவனத்தில் மூன்றாம் வருடம் புதுப் பங்குதாரர் ஒருவர் வந்தார். என் அறிக்கையில் ஒரு பிரதி அவருக்கும் போயிற்று. இரண்டே வாரம். முதலாளி பாத்தாமிலிருந்தே கைப்பேசியில் ஒப்புதல் தர ஆரம்பித்துவிட்டார். அக்கா ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தீபாவளிக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்வந்தார்.