மொரிஷியஸில் குடும்பக் கட்டுப்பாட்டைக் கட்டாயப்படுத்தியா மக்கள்தொகையைக் குறைத்தார்கள்?

இல்லை. இந்தியாவில் அவசரநிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துப்போய்க் கருத்தடை அறுவை செய்தார்களே, அப்படி எதுவும் இங்கே நடக்கவில்லை. நான் மொரிஷியஸின் கிழக்கே ஃப்ளாக் பக்கம் வளர்ந்தவள். பாட்டிக்கு எட்டுப் பிள்ளைகள், அம்மாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று.

முதலில் மக்கள்தொகை ஏன் பெருகியது என்றால், 1940களின் கடைசியில் டிடிடி பூச்சிமருந்து அடித்து மலேரியாவை ஒழிக்க ஆரம்பித்தார்கள், சாவு மளமளவென்று குறைந்தது, காய்ச்சலில்லாமல் பெண்கள் உடம்பு தேறியதால் பிறப்பும் ஏறியது. ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்ச்சி! 1960 வாக்கில் இங்கே வந்த பிரிட்டிஷ் பேராசிரியர் ரிச்சர்ட் டிட்மஸின் குழு, இப்படியே போனால் நூற்றாண்டு முடிவில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் ஆகிவிடுவோம் என்று எச்சரித்தது. 2000-இல் 12 லட்சம்கூட வரவில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1957-இலேயே வந்துவிட்டது. மாத்திரை, ஆணுறையெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஒப்பவில்லை, ஆனால் அவர்கள் வெறுமனே எதிர்த்துக்கொண்டு உட்காரவில்லை. 1963-இல் 'ஆக்சியோன் ஃபாமிலியால்' என்ற அமைப்பைத் தொடங்கி, காலையில் உடல் வெப்பத்தை அளந்து நாள் கணக்குப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். யாருக்கு எது சரியோ அது. 60களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஆறு பிள்ளைகள், பத்தே ஆண்டில் நான்குக்கும் கீழே. தைக்கிற ஃபேக்டரிகள் வந்ததால்தான் குறைந்தது என்பார்கள் பலர். அவை பெருகியது அதற்கு அப்புறம். அதற்கு முன்பே பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், கல்யாணம் தள்ளிப்போனது, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் வந்திருந்தது.

மக்கள்தொகைக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உடம்பு. ஒரு பேறுக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டிக்கு அது கிடைக்கவே இல்லை, ரத்தசோகையோடேயே கரும்புக்காட்டு வேலைக்கும் போனாள். பெரியம்மா கல்யாணமானதும் டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கி, அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாளாம். பெரியப்பா விளக்கேற்றுகிற ஆள் இல்லை, அதனால் அங்கே கை வைக்க மாட்டார்.

இப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை அளவில் நிற்கிறது, முதியோர் ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கே என்று கவலைப்படுகிறார்கள். அதே பெரியம்மா தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் "இன்னொன்று பெத்துக்கோயேன்டி" என்கிறாள்.