மெஹ்மெத் பேய், மிஸ்டர் யில்மாஸ்

இஸ்தான்புல் வாடிக்கையாளருக்கு ஆங்கிலத்தில் 'டியர் மிஸ்டர் மெஹ்மெத்' என்று எழுதிவிட்டேன், தப்பா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஆங்கில முறைப்படி மிஸ்டருக்குப் பின் குடும்பப்பெயர்தான் வரும். அவர் பெயர் மெஹ்மெத் யில்மாஸ் என்றால், 'மிஸ்டர் யில்மாஸ்'.

துருக்கியில் இது தலைகீழ். சொந்தப் பெயருக்குப் பின்னால் 'பேய்' சேர்த்து 'மெஹ்மெத் பேய்' என்பார்கள். (நம் பேய் இல்லை, சிரிக்காதீர்கள்!) நாம் 'குமார் சார்' என்பதுபோலத்தான். 1934இல் சட்டம் வரும்வரை அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. அதனால் மரியாதைச் சொல் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு இன்னொரு சட்டம் பேய், எஃபெந்தி, பாஷா போன்ற பட்டங்களை ஒழித்தது. ஆனாலும் பேச்சில் 'பேய்' போகவில்லை.

துருக்கிய மொழியிலேயே கடிதம் எழுதினால் 'சாயின் யில்மாஸ்', அதாவது மதிப்பிற்குரிய யில்மாஸ், என்று தொடங்குங்கள். போனில் அவர் 'எஃபெந்திம்' என்றால் அது நம் 'ஹலோ', 'சொல்லுங்க' மாதிரி. கொஞ்சம் பழகியபின் 'அபி', அதாவது அண்ணே, என்றும் கூப்பிடலாம். ஆனால் முதல் மின்னஞ்சலிலேயே வேண்டாம்.