‘சமாளிக்கிறேன்’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். எனக்கு முடக்குவாதம். நீண்டகால நோயாலோ உடற்குறையாலோ அன்றாட வேலைகளுக்குச் சிரமப்படுவோருக்கு இங்கே அரசு தரும் பிப் (PIP) உதவித்தொகைக்கான படிவம் வந்திருக்கிறது. சில நாள் நானே சமைத்து, கடைக்கும் போய் வருவேன். சில நாள் பேஸ்ட்டைக்கூடக் கணவர்தான் பிதுக்கித் தர வேண்டும். கெட்ட நாளை மட்டும் எழுதினால் பொய் சொன்னதாகிவிடாதா? – பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பியிருந்த நகலில் சமையல் பற்றிய கட்டத்தைப் பார்த்தேன். ‘மெதுவாகச் சமாளிக்கிறேன்’ என்று ஒரே வரி. அந்த வரியில் உங்கள் நோய் இருக்கும் இடமே தெரியவில்லை.

பொய் சொல்லத் தேவையே இல்லை, எண்ணிச் சொன்னால் போதும். சட்டம் பார்ப்பது ஒரு வருடத்தை: கடந்த 3 மாதம், வரப்போகும் 9 மாதம். அதில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் உங்களால் எது முடியவில்லை என்பதுதான் கணக்கு. ஆகவே ‘சில நாள்’ என்று எழுதாமல் ‘வாரத்தில் 4, 5 நாள்’ என்று எழுதுங்கள். நல்ல நாளையும் மறைக்க வேண்டாம், அது எத்தனை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். காலையில் விரல் மடங்காமல் இருந்து மதியத்துக்கு மேல் சரியாகிவிட்டாலும், அன்றைய காலை வேலை முடியாமல் போனால் அதுவும் ஒரு கெட்ட நாள்தான்.

அப்புறம், ‘முடியும்’ என்றால் என்ன? ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மிகாமல் செய்ய முடிய வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் முடியாது என்றே அர்த்தம். தேங்காய் துருவ முடியவில்லை என்று எழுதிப் பயனில்லை. படிவத்தில் கேட்பது ஓர் ஆளுக்கான எளிய சாப்பாடு சமைக்க முடியுமா என்பதை. வெங்காயம் நறுக்குவதைச் சொல்லுங்கள். கத்தி எத்தனை முறை கைநழுவியது, பாதியில் யார் வந்து முடித்தார்கள், நறுக்கிய பிறகு மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடிந்ததா? அந்த மறுநாளைத்தான் எல்லோரும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுத்தான் தொகையை முடிவு செய்கிறார்கள். சமையலுக்கு ஆள் உதவி வேண்டுமென்றால் 4 புள்ளி, ஏதாவது சாதனம் இருந்தால் போதுமென்றால் 2. அன்றாட வாழ்வுப் பகுதியில் 8 சேர்ந்தால் அடிப்படைத் தொகை, 12 என்றால் கூடுதல் தொகை. கணவர் பேஸ்ட் பிதுக்கித் தருவதை ‘அது வீட்டு வேலைதானே’ என்று விட்டுவிடாதீர்கள், அதுவும் உதவிதான்.

இன்று முதல் காலண்டரிலேயே நாளுக்கு ஒரு வரி குறித்து வாருங்கள். இரண்டு வாரம் போனால் படிவம் தானாக நிரம்பும். கெடு ஒரு மாதம். படிவத்தை அவர்கள் அனுப்பிய தேதியிலிருந்து அது ஓடுகிறது. போதாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்குள் போன் செய்து நேரம் கேளுங்கள். தபாலில் போடுமுன் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுக்கு அழைத்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லலாம். எடுத்தவுடன் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பார்கள். நம் வாயில் தானாக வரும் ‘நல்லா இருக்கேன்’ மட்டும் அன்றைக்கு வேண்டாம்.