டீச்சர் பதில்கள்: பிரமிடின் அடிப்பட்டை

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், மக்கள்தொகை பிரமிடு என்றால் "அடி அகலம், பிறப்பு அதிகம்; அடி குறுகல், பிறப்பு குறைவு" என்று மனப்பாடம் செய்கிறாள். அந்தப் படத்தில் இருப்பது அவ்வளவுதானா டீச்சர்? நம் கடலூர் மாவட்டத்தைப் பற்றி அது ஏதாவது சொல்லுமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: நிறையச் சொல்லும் அம்மா. முப்பது வருடம் இந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். பிள்ளைகள் அவசரமாகத் தாண்டிப்போகும் பக்கம் இது, அதில் எனக்கு எப்போதும் வருத்தம் உண்டு.

நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். அடியில் நான்கு வயது வரையிலான குழந்தைகள், அதற்கு மேல் 5 முதல் 9, இப்படி ஐந்தைந்து வயதாகப் படி ஏறும். எத்தனை பேரோ அத்தனை நீளப் பட்டை. ஒரு பட்டையில் இருப்பவர்கள் ஐந்து வருடம் கழித்து ஒரு படி மேலே போவார்கள். இடையில் இறந்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் கழிவார்கள், வந்து குடியேறியவர்கள் சேர்வார்கள். அதனால் ஒருமுறை விழுந்த பள்ளம், அந்தத் தலைமுறை இருக்கும்வரை கூடவே ஏறிக்கொண்டு வரும்.

மகளிடம் அந்தப் பள்ளங்களைத் தேடச் சொல்லுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் 1915 முதல் 1919 வரை பிரான்ஸில் பிறந்த குழந்தைகள் மிகக் குறைவு. அந்தக் கொஞ்சம் பேர் பெற்றோராகும் வயதுக்கு வந்த 1930-களின் பிற்பகுதியிலும் பிறப்பு குறைவாகவே இருந்தது. ஜப்பானின் பிரமிடை ஒவ்வொரு வயதாக வரைந்தால், 1966-இல் பிறந்தவர்களின் இடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு வெட்டு தெரியும். அவர்களுடைய அறுபது வருடச் சுழற்சியில் அது நெருப்புக் குதிரை ஆண்டு. அதில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று நம்பியதால் அந்த ஒரு வருடம் மட்டும் பிறப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லியே எத்தனை பெண்களின் கல்யாணம் தள்ளிப்போனதைப் பார்த்த நமக்கு, இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கத்தார். அங்கே வேலை செய்யும் வயதில் ஆண்கள் பக்கம் மட்டும் பெரிதாகப் புடைத்திருக்கும். நம் தெருக்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளும் அதில் அடக்கம்.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் கடலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 987 பெண்கள். இந்த எண்ணைப் பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் அடியில் இருக்கும் 6 வயது வரையிலான குழந்தைகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1000 ஆண் குழந்தைகளுக்கு 896 பெண் குழந்தைகள்தான். இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகப் பிறப்பதால் 950 அளவில் இருந்தால் பயமில்லை. தமிழகம் முழுமைக்கும் 943, புதுச்சேரிக்கு 967. நம் மாவட்டத்தில் மட்டும் ஏன் அவ்வளவு குறைவு? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இலேயே வந்துவிட்டது. பெண்கள் அதிக வயதுவரை வாழ்வதால் உச்சியில் வலப்பக்கம் நீளும், அது மொத்தக் கணக்கைச் சமன் செய்து அடியில் இருக்கும் குறையை மறைத்துவிடும். அதனால்தான் மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையக்கூடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அந்தக் கணக்கெடுப்பின்போது உங்கள் மகள் தத்தித் தத்தி நடக்கும் குழந்தையாக இருந்திருப்பாள். அந்த வலப்பக்கப் பட்டையில் அவளும் இருக்கிறாள். இப்போது அது எந்தப் படிக்கு ஏறியிருக்கும் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கணக்கெடுப்புக்கு வருபவர்களிடம் வயதைக் குத்துமதிப்பாகச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பிரமிடு கெட்டுவிடும் ஐயா. 2011 பிப்ரவரியில் நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு பாட்டி, "அம்பது இருக்கும், எழுதிக்கம்மா" என்றார். "தனுஷ்கோடி அழிஞ்ச புயல் ஞாபகம் இருக்கா பாட்டி?" என்று கேட்டேன். "ஏன் இல்லாம? பெரியவன் அப்ப மடியில கிடந்தான்" என்றார். புயல் வந்தது 1964 டிசம்பரில். அப்போதே கையில் குழந்தை என்றால், பாட்டிக்கு அறுபதுக்குக் குறைந்திருக்க வழியே இல்லை.

இப்படி எல்லோரும் 50, 55, 60 என்று முழு எண்ணாகச் சொல்வதால், ஒவ்வொரு வயதாக வரையும்போது நம் நாட்டுப் பிரமிடில் 0, 5-இல் முடியும் வயதுகள் முள் முள்ளாகத் துருத்தி நிற்கும். முதியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு ஓய்வூதியம் ஒதுக்கவேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். பிறந்த தேதிச் சான்று இல்லாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்தப் புயலின்போது எத்தனை வயது, யார் கல்யாணத்தின்போது கைக்குழந்தை என்று இப்போதே உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள்.